பெங்களூருவில் குழாய்க்கு உத்தரவு... சிங்கப்பெருமாள் கோவிலில் அது செல்லுமா? வாஷ்பேசினுக்கு புது டேப் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை!

2024 மார்ச் மாதம். பெங்களூரு நகரமே தண்ணீருக்காகத் தவித்துக்கொண்டிருந்த நேரம். நாளொன்றுக்கு 260 கோடி லிட்டர் தேவைப்படும் நகரத்துக்கு 50 கோடி லிட்டர் பற்றாக்குறை என்று கர்நாடக முதல்வர் சித்தராமையாவே அறிவித்தார். நகரில் உள்ள சுமார் 14,000 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வறண்டுவிட்டதாகவும் சொன்னார்.

அப்போது பெங்களூரு குடிநீர் வாரியம் போட்ட ஒரு உத்தரவு பலரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. வணிக வளாகங்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகள், தொழிற்சாலைகள், ஹோட்டல்கள் எல்லாம் மார்ச் 31-க்குள் குழாய்களில் 'ஏரேட்டர்' பொருத்த வேண்டும் என்பதுதான் அந்த உத்தரவு. தனி வீடுகளுக்கு இது கட்டாயமில்லை, அவர்களாகவே முன்வந்து செய்யலாம் என்று விடப்பட்டது.

குழாய் முனையில் மாட்டும் ஒரு சின்ன சல்லடைக்கு இவ்வளவு முக்கியத்துவமா? ஆமாம். அந்தச் சல்லடை சிங்கப்பெருமாள் கோவில், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கிற வீடுகளுக்கும் ஒத்து வருமா என்பதுதான் இப்போது கேள்வி. காரணம், ஹார்டுவேர் கடையில் எல்லாக் குழாயும் ஒரே மாதிரி பளபளக்கும். வீட்டுக்கு வந்து மாட்டிய பிறகுதான் ஒன்று சொட்டும், ஒன்று அழும், ஒன்று ஆறே மாதத்தில் வெள்ளை பூத்து நிற்கும்.

ஏரேட்டர் என்ன செய்கிறது?

ஏரேட்டர் ரெண்டு வேலை செய்கிறது. ஒன்று, தண்ணீர் போகும் வழியைச் சுருக்கி, நிமிடத்துக்கு எவ்வளவு போகணும் என்பதைக் குறைக்கிறது. இரண்டு, வரும் தண்ணீரோடு காற்றைக் கலந்து, குறைவான தண்ணீரையே நிறைய வருவது போலக் காட்டுகிறது. கை கழுவ, முகம் கழுவ, பல் துலக்க இது போதும். ஆனால் பக்கெட் நிரப்பும் குழாயில் மாட்டினால் எந்த லாபமும் இல்லை. நிரம்ப நேரம்தான் கூடும், பக்கெட்டுக்குள் போகும் தண்ணீர் அதே அளவுதான். அதனால்தான் ஏரேட்டர் என்றாலே வாஷ்பேசின் குழாயைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உலகில் இது புது விஷயமும் இல்லை. அமெரிக்காவில் 2007-இல் வந்த 'வாட்டர்சென்ஸ்' முத்திரை, வாஷ்பேசின் குழாயில் நிமிடத்துக்கு 5.7 லிட்டருக்கு மேல் வரக்கூடாது என்கிறது. சிங்கப்பூரில் 2009 முதல் குழாய்களுக்கு 'டிக்' மதிப்பீடு கட்டாயம். 2019-க்குப் பிறகு குறைந்தது இரண்டு டிக் இல்லாத குழாயை அங்கே விற்க முடியாது. இந்தியாவிலும் 2021-இல் ஐ.எஸ் 17650 என்ற தரநிலை வந்தது. தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கும் பீங்கான் சாதனங்கள், குழாய்களுக்கு நட்சத்திர மதிப்பீடு தரும் தரநிலை அது. 2022-இல் மத்திய அரசு 'பாரத் டேப்' என்ற முயற்சியையும் அறிவித்தது.

அப்போ நட்சத்திரம் அதிகம் உள்ள குழாயை வாங்கிவிட்டால் வேலை முடிந்ததா? இங்கேதான் சிக்கலே.

14 மாடி உயர அழுத்தம்... நம்ம மாடியில் 3 மீட்டர்!

வாட்டர்சென்ஸ் சொல்லும் 5.7 லிட்டர் என்பது, 60 பி.எஸ்.ஐ அழுத்தத்தில் சோதித்துப் பார்த்த அளவு. இதை நம்ம ஊர் கணக்கில் சொன்னால், குழாய்க்கு மேலே சுமார் 42 மீட்டர் உயரத்தில் டேங்க் இருக்க வேண்டும். அதாவது 14 மாடிக்கு மேலே!

சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு தரைத்தள வீட்டை எடுத்துக்கொள்வோம். மொட்டை மாடியில் சின்டெக்ஸ் டேங்க். அதற்கும் வாஷ்பேசின் குழாய்க்கும் இடையே உயரம் சுமார் 3 மீட்டர். அழுத்தம் 0.3 பார்தான் வரும்.

அழுத்தம் குறைந்தால் தண்ணீர் வரும் வேகமும் குறையும். 42 மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 3 மீட்டர் என்றால், சாதாரண ஏரேட்டர் உள்ள அதே குழாயில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்குதான் வரும். 5.7 லிட்டர் என்று அட்டையில் போட்டிருக்கும் குழாய், நம் வீட்டில் ஒன்றரை லிட்டரோடு நின்றுவிடும். முகத்தில் சோப்பு போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். பொறுமை போய் அந்தச் சல்லடையைக் கழற்றித் தூக்கிப் போட்டால், மிச்சம் பிடிக்கும் திட்டமும் அதோடு போச்சு.

ஒரே கட்டடத்திலேயே இந்த வித்தியாசம் தெரியும். ரெண்டு மாடி வீட்டில் மேல் வீட்டுக் குழாய்க்கு 3 மீட்டர் உயரம் கிடைத்தால், கீழ் வீட்டுக் குழாய்க்கு 6 மீட்டர் கிடைக்கும். ஒரே கடை, ஒரே மாடல், ஒரே விலை. கீழே பீறிடும், மேலே அழும். குழாய் மேல் தப்பில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

பெங்களூரு உத்தரவு தனி வீடுகளை விட்டுவிட்டு அடுக்குமாடிகளையும் ஹோட்டல்களையும் குறி வைத்ததை இந்தக் கோணத்திலும் பார்க்கலாம். உயரமான கட்டடங்களிலும் பிரஷர் பம்ப் உள்ள இடங்களிலும் தண்ணீர் தேவைக்கு மேல் வேகமாக வரும். அங்கே ஏரேட்டர் போட்டால் நிஜமாகவே மிச்சம். தரைத்தள வீட்டில் டேங்க்கின் உயரமே பாதி ஏரேட்டர் வேலையைச் செய்துவிடுகிறது.

ஒரு பாட்டில், ஒரு செல்போன்: வீட்டிலேயே செய்யும் டெஸ்ட்

உங்கள் வீட்டுக் குழாயில் எவ்வளவு வருகிறது என்று தெரிந்துகொள்ள இன்ஜினியர் யாரும் வரத் தேவையில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுங்கள். செல்போனில் ஸ்டாப்வாட்ச் போடுங்கள். குழாயை முழுதாகத் திறந்து பாட்டில் நிரம்பும் நேரத்தைப் பாருங்கள்.

- 6 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 10 லிட்டர். தண்ணீர் வீணாகிறது. ஏரேட்டர் கண்டிப்பாக வேண்டும்.
- 10 விநாடி என்றால் 6 லிட்டர். ஏரேட்டர் போட்டால் நல்லது.
- 20 விநாடி என்றால் 3 லிட்டர். கை, முகம் கழுவ இதுவே போதும். புதுக் குழாயில் நெருக்கமான சல்லடை வேண்டாம்.
- 30 விநாடிக்கு மேல் போனால் குழாயை மாற்றியும் பிரயோஜனம் இருக்காது. முதலில் ஆங்கிள் காக், பழைய இரும்பு பைப் எங்கேயாவது அடைத்திருக்கிறதா என்று பிளம்பரை வைத்துப் பார்க்க வேண்டும்.

டேங்க் நிறைந்திருக்கும்போது ஒரு தடவை, பாதிக்குக் கீழே இருக்கும்போது ஒரு தடவை பாருங்கள். அந்த ரெண்டு எண்ணையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போனால், விற்பவர் சொல்வதில் எது உங்களுக்குப் பொருந்தும் என்று புரிந்துவிடும்.

அடுத்த எதிரி: உப்பு

அழுத்தத்துக்கு அடுத்து பார்க்க வேண்டியது தண்ணீரின் குணம். செங்கல்பட்டு மாவட்டத்தின் இந்தப் பகுதி பெரும்பாலும் கடினப்பாறை நிலம். போர் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளில் பக்கெட் ஓரம், டைல்ஸ், கெய்சர் கம்பி எல்லாவற்றிலும் வெள்ளைப் படிவு ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். கால்சியம், மெக்னீசியம் அதிகம் உள்ள கடினநீர்தான் இதற்குக் காரணம்.

குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ் 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பதே நல்லது என்கிறது. வேறு தண்ணீரே இல்லாத பட்சத்தில் 600 வரை அனுமதிக்கிறது. இந்த எண்ணைத் தெரிந்துகொள்ள தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பாட்டில் கொடுத்தால் போதும்.

கடினநீர் குழாயில் மூன்று இடத்தைத் தாக்கும். முதலில் ஏரேட்டரின் சல்லடைத் துளைகள். பிறகு உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜ். கடைசியாக வெளியே இருக்கும் முலாம். அதனால் உப்புத் தண்ணீர் வீட்டுக்குக் குழாய் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ஏரேட்டரைக் கையால் கழற்ற முடியுமா?" என்பதுதான். கழற்ற முடிந்தால், எலுமிச்சைச் சாறிலோ வினிகரிலோ அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து மறுபடியும் மாட்டிக்கொள்ளலாம். கழற்றவே முடியாத மாடல் என்றால், அடைத்ததும் முழுக் குழாயையும் மாற்ற வேண்டி வரும்.

இப்போது பரவலாகி வரும் கருப்பு மேட் ஃபினிஷ் குழாய்கள் போட்டோவில் அழகுதான். ஆனால் கடினநீர் சொட்டு காய்ந்தால் வெள்ளைப் புள்ளி அதில்தான் பளிச்சென்று தெரியும். தினமும் துடைக்கத் தயார் என்றால் வாங்கலாம்.

பித்தளையா, பிளாஸ்டிக்கா, எஸ்.எஸ்ஸா?

கடையில் பொதுவாக நான்கு வகை கிடைக்கும்.

பித்தளை: செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம், மேலே குரோமியம் முலாம். கனமாக இருக்கும், நீண்ட நாள் உழைக்கும், உதிரிபாகமும் கிடைக்கும். விலை கூடுதல்.

துத்தநாகக் கலவை: பார்க்கப் பித்தளை மாதிரியே இருக்கும், விலை மட்டும் ஆச்சரியமாகக் குறைவு. முலாம் உரிந்தால் உள்ளே அரிக்க ஆரம்பிக்கும். வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. குழாயைத் திருப்பி, முலாம் ஏறாத அடிப்பக்கத்தையோ உள்புரியையோ பாருங்கள். மஞ்சளாக இருந்தால் பித்தளை, சாம்பல் நிறமாக இருந்தால் துத்தநாகம். கையில் தூக்கிப் பார்த்தாலும் எடை சொல்லிவிடும்.

பி.டி.எம்.டி: பிளாஸ்டிக் வகை. உப்புக்கு அரிக்காது, விலை குறைவு. பிளம்பர் ஸ்பேனரை வைத்து ஓவராக முறுக்கினால் புரி அறுந்துவிடும், அது ஒன்றுதான் பயம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்: முலாம் இல்லாததால் உரியும் பிரச்சினை இல்லை. 304 ரகமா என்று கேட்டு வாங்க வேண்டும்.

பித்தளையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. கடைசல் வேலை எளிதாக நடக்க பித்தளையில் கொஞ்சம் ஈயம் சேர்ப்பது பழைய வழக்கம். அமெரிக்காவில் 2014 ஜனவரி முதல், குடிநீர் படும் குழாய்களில் ஈயம் சராசரியாக 0.25 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. குழந்தைகள் வாய் கொப்பளிக்கும் இடம் வாஷ்பேசின்தான். அதனால் பேர் தெரியாத மலிவுப் பித்தளையைத் தவிர்த்து, ஐ.எஸ்.ஐ முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்குவது நல்லது. ராத்திரி முழுக்க குழாயிலேயே தேங்கி நின்ற தண்ணீரைக் காலையில் குடிக்கவோ சமைக்கவோ எடுக்க வேண்டாம்.

சொட்டுவது எங்கே ஆரம்பிக்கிறது?

பழைய திருகு டேப்புகளில் ரப்பர் வாஷர் இருக்கும். அது தேய்ந்தால் சொட்டும். வாஷரை மட்டும் மாற்றினால் போதும், செலவு சில ரூபாய்தான். இன்றைய கால் திருப்புக் குழாய்களில் வாஷருக்குப் பதில் இரண்டு செராமிக் தட்டுகள் கொண்ட கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. வாஷரை விட நீண்ட நாள் வரும். ஆனால் மணலும் துருவும் அதற்கு ஆகாது. போர் தண்ணீரில் வரும் பொடி மணல் ஒரு கீறல் போட்டால் போதும், அங்கிருந்து சொட்ட ஆரம்பித்துவிடும்.

அதனால் புதுக் குழாய் மாட்டும் முன் ஆங்கிள் காக்கைத் திறந்து, பைப்பில் உள்ள மண், டெஃப்லான் டேப் துணுக்கு எல்லாம் வெளியேறும் வரை ஒரு வாளியில் பிடித்துவிடச் சொல்லுங்கள். சல்லடை உள்ள ஆங்கிள் காக் போட்டால் இன்னும் பாதுகாப்பு. இந்த மாடலுக்கான கார்ட்ரிட்ஜ் உள்ளூர் கடையில் கிடைக்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கிடைக்காத கம்பெனிக் குழாய்க்கு எத்தனை வருஷ வாரண்டி இருந்தாலும், சொட்டும் நாளில் அது கைகொடுக்காது.

விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 30 லிட்டர் போய்விடும். ஜல் ஜீவன் திட்டம் கிராமப்புறத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறது. அதாவது ஒரு குழாயின் சொட்டு, ஒரு மனுஷனுடைய பங்கில் பாதிக்கு மேல்.

குழாய் வாங்குபவர் ஒருவர், தண்ணீருக்குக் காசு கொடுப்பவர் இன்னொருவர்

ஒரகடம் கார், பைக், லாரி ஆலைகளுக்கு வேலைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் வாடகை ரூமில் இருப்பவர்கள். லைன் வீடு, பி.ஜி, ஒரு அறையில் நாலைந்து பேர் என்று பல விதம். இங்கே குழாயைத் தேர்ந்தெடுப்பது ஓனர். கோடையில் போர் வற்றி லாரித் தண்ணீர் இறங்கினால் பல இடங்களில் அந்தச் செலவு பங்கு பிரிந்து குடியிருப்பவர்கள் தலையில் விழுகிறது.

மலிவான குழாய் வாங்கினால் ஓனருக்கு அன்றே சில நூறு ரூபாய் மிச்சம். சொட்டும் தண்ணீருக்கான பில் அவருக்கு வருவதில்லை. குடியிருப்பவருக்கோ, ஆறு மாதத்தில் ரூம் மாறப்போகிறோம், நாம் எதுக்குக் குழாய் மாத்தணும் என்ற எண்ணம். நடுவில் தண்ணீர் போகிறது. பத்து ரூம் உள்ள ஒரு லைனில் நான்கே நான்கு குழாய் சொட்டினால் ஒரு நாளைக்கு 120 லிட்டர். நூறு நாளில் 12,000 லிட்டர், அதாவது ஒரு பெரிய தண்ணீர் லாரி. அந்த லாரிக்குக் கொடுக்கும் பணத்தில் எத்தனை கார்ட்ரிட்ஜ் மாற்றியிருக்கலாம் என்று ஓனரும் குடியிருப்பவர்களும் உட்கார்ந்து பேசினால், குழாய் செலவைப் பகிர்ந்துகொள்வது இருவருக்குமே லாபம் என்பது புரியும்.

பெரிய அளவில் யோசித்தால் இந்தக் கணக்கு இன்னும் பெரிசாகும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் சிப்காட் குடியிருப்பை முதல்வர் ஸ்டாலின் திறந்து வைத்தார். 13 கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் 240 அறைகள், அறைக்கு 6 பேர். இந்த அளவுள்ள ஒரு விடுதியில் ஒவ்வொருவரும் ஒரு நாளில் 4 நிமிடம் வாஷ்பேசின் குழாயைத் திறந்து வைப்பதாக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 8 லிட்டர் வரும் குழாய்க்குப் பதில் 4 லிட்டர் குழாய் இருந்தால், ஒரு நாளில் மிச்சமாவது கிட்டத்தட்ட 3 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரி கணக்கில் 25 லாரி! பெங்களூரு மாதிரி உத்தரவு இங்கே வந்தால் பலன் தருவது இப்படிப்பட்ட உயரமான, ஆள் நிறைந்த கட்டடங்களில்தான்.

இதே பகுதியின் ஆலைகள் ஏற்கனவே தண்ணீரை எண்ணித்தான் செலவழிக்கின்றன. 2019-இல் கோயம்பேட்டில் தொடங்கப்பட்ட, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்குக் குழாய் வழியே தண்ணீர் கொடுக்க ஏற்பாடானது. அதே 2019 கோடையில் சென்னையின் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தொழிற்சாலைக்குள் லிட்டர் கணக்கு பார்த்துவிட்டு ஷிப்ட் முடிந்து வருபவர், ரூமில் சொட்டும் குழாயோடுதான் இருக்கிறார்.

சரி, எதை வாங்கலாம்?

மாடி டேங்க்கை நம்பியிருக்கும் தரைத்தள வீடு, உப்புத் தண்ணீர்: கால் திருப்பு பித்தளை பில்லர் காக். கழற்றக்கூடிய, கண் பெரிதான ஏரேட்டர். பட்ஜெட் குறைவு என்றால் நல்ல பி.டி.எம்.டி.

மூன்று மாடிக்குக் கீழே உள்ள ஃபிளாட் அல்லது பிரஷர் பம்ப் உள்ள வீடு: ஏரேட்டர் கட்டாயம். நட்சத்திர மதிப்பீடு இங்கேதான் அர்த்தமுள்ளது.

கெய்சர் இணைப்பு உள்ள வாஷ்பேசின்: மிக்சர் வாங்கலாம். ஆனால் சுடுதண்ணீர், பச்சைத்தண்ணீர் ரெண்டும் ஒரே அழுத்தத்தில் வருகிறதா என்று பாருங்கள். பேசினில் ஒரு துளையா, மூன்று துளையா என்பதையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.

வாடகை ரூம், லைன் வீடு: ஆடம்பர மாடல் வேண்டாம். எல்லா ரூமுக்கும் ஒரே மாடல் போடுங்கள். நான்கு கார்ட்ரிட்ஜ் ஸ்பேர் வாங்கி வைத்தால், சொட்ட ஆரம்பித்த அன்றே மாற்றிவிடலாம்.

சென்சார் குழாய்: பேட்டரி, மணல், குறைந்த அழுத்தம் மூன்றும் சேர்ந்தால் தகராறுதான். வீட்டுக்கு அவசியமில்லை.

வாங்கும் முன் குழாய் மூக்கின் நீளத்தையும் பாருங்கள். தண்ணீர் பேசினின் நடுப்பக்கம் விழணும். விளிம்பில் விழுந்தால் பின்சுவரும் சட்டையும் நனையும். வேகம் அதிகமான குழாயில் தெறிப்பு இன்னும் கூடும்.

மழைநீர் சேகரிப்பை 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிய மாநிலம் தமிழ்நாடு. தொட்டி கட்டினால் மட்டும் போதாது, வருஷா வருஷம் தூர்வாரணும் என்பது அப்போது கற்ற பாடம். குழாய்க்கும் அதேதான். உத்தரவு வந்தாலும் வராவிட்டாலும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏரேட்டரைக் கழற்றிக் கழுவுபவர் வீட்டில்தான் அது வேலை செய்யும். கடைக்குக் கிளம்பும் முன் பாட்டிலை நிரப்பி நேரம் பாருங்கள், டேங்க்கின் உயரத்தைப் பாருங்கள், பக்கெட் ஓரத்து உப்பைப் பாருங்கள். குழாயின் பளபளப்பைப் பார்ப்பது அதற்கு அப்புறம்.